தேய்மானம் வேறு, சேதம் வேறு

பழைய கார் வாங்கி விற்கும் யார்டில் வண்டியைப் பார்த்துச் சொல்வது என் வேலை. வண்டி உள்ளே வந்து நின்றதும் பானெட்டைத் தூக்குவேன். நீளமான ஒரு ஸ்குரூடிரைவரின் முனையை ஓடுகிற இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்பேன். வால்வு தட்டுகிறதா, பேரிங் முனகுகிறதா, எல்லாம் அந்தக் கம்பி வழியே காதுக்குள் வந்துவிடும். அதனால் எனக்கு அங்கே ஸ்குரூடிரைவர் அக்கா என்று பெயர். என்னைவிட வயதில் பெரியவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதலில் எரிச்சலாக வந்தது, பிறகு யாரோடெல்லாம் மல்லுக்கட்டுவது என்று விட்டுவிட்டேன்.

கேட்பது எப்போதும் வலது காதால்தான். இடது காது ஒப்புக்கு இருக்கிறது, தோடு மாட்ட உதவும். காய்ச்சலில் போய்விட்டது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். யார்டில் என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் வலப்பக்கம் சுற்றிக்கொண்டு வருவார்கள். கடன் கேட்க வருபவர்கள் மட்டும் இடப்பக்கம் நின்று கேட்டுவிட்டு, "நீங்க சரின்னுதானே தலையாட்டினீங்க" என்பார்கள்.

பார்த்து முடித்ததும் வண்டியின் முன் கண்ணாடியில் வெள்ளை மார்க்கரால் எழுதுவோம். இந்த எழுதுகிற விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. டயர் வழுக்கையாகியிருந்தால், சீட்டுத் துணி நைந்திருந்தால், அது தேய்மானம். ஓடினால் தேயும், உட்கார்ந்தால் நையும், அதில் யார் மேலும் குற்றமில்லை. கதவு நசுங்கியிருந்தால் அது சேதம். சேதம் தானாக வராது. யாரோ இடித்திருக்க வேண்டும், அல்லது எதிலோ கொண்டுபோய் மோதியிருக்க வேண்டும். அதனால் சேதம் என்று எழுதினால் அடுத்த கேள்வி "யார் இடிச்சது?" என்பதுதான். பழுது என்றால் சரிசெய்யலாம் என்று பொருள். சரிசெய்யவே முடியாததைக் கண்டம் என்போம், அது உடைசல் கடைக்குப் போகும். கழிவு என்பது இதற்கெல்லாம் பிறகு வருவது, விலையில் குறைப்பது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 'டேமேஜ்' என்று ஒரே வார்த்தையாகக் கிறுக்கிவிட்டுப் போவார்கள். துணியால் துடைத்துவிட்டு மறுபடி எழுத வைப்பேன்.

"என்னக்கா, எப்படி எழுதினாலும் விலை இறங்கத்தானே போகுது?" என்று ஒருவன் கேட்டான்.

"இறங்கும். ஆனா எதுக்காக இறங்குதுன்னு வண்டிக்காரருக்குத் தெரியணும். தேய்மானம் வேறு, சேதம் வேறு" என்றேன். தினமும் சொல்லிச் சொல்லி, இப்போது எனக்குப் பின்னால் என் குரலிலேயே சொல்லிக் காட்டிச் சிரிக்கிறார்கள்.

இந்தச் சொற்களில் எதுவும் என்னைக் கோபப்படுத்துவதில்லை. கோபப்படுத்துகிற சொல் வேறு ஒன்று இருக்கிறது. விற்க வருகிறவர்கள் கூடவே கொண்டுவருவது. 'சின்னக் கீறல்தானே.' 'ஒரே ஒரு தடவை இடிச்சதுதானே.' 'பின்பக்கம்தானே, யார் பார்க்கப்போறா.' எவ்வளவு பெரிய ஓட்டையையும் அந்த ஒரு சொல்லால் மூடிவிடலாம் என்று நினைக்கிறார்கள். "அந்தத் 'தானே'யை வீட்டுல வச்சிட்டு வாங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். முதலாளி இதற்காக என்னைப் பலமுறை கடிந்துகொண்டிருக்கிறார். வியாபாரம் செய்கிற இடத்தில் இந்த வாய் ஆகாதாம்.

அந்த முதலாளி வைத்த சட்டம் ஒன்று உண்டு. அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். வண்டி கொண்டுவருபவர், நாங்கள் வண்டியைத் தொடுவதற்கு முன்னால், அதன் குறைகளைத் தன் வாயால் சொல்லிவிட வேண்டும். சொன்ன குறைக்குக் கழிவு பாதி. சொல்லாமல் மறைத்து நாங்களே கண்டுபிடித்தால் இரண்டு மடங்கு. குறையைச் சொல்லி, காரணத்தைப் பொய்யாகச் சொன்னால் வண்டியே வேண்டாம், நடையைக் கட்டலாம். இடித்துவிட்டு, நிறுத்தி வைத்திருந்தபோது மரக்கிளை விழுந்தது என்று கதை விடுகிறவருடைய வண்டியில் இன்னும் என்னென்ன பூசி மெழுகியிருக்கிறதோ என்பார் முதலாளி. கேட்டில் பெரிய எழுத்தில் எழுதியே வைத்திருக்கிறோம். ஒருவரும் படிப்பதில்லை. என் கையில் இருக்கிற சின்னக் காந்தத்தைக் கதவின் மேல் ஓட்டுவேன், அது ஒட்டாமல் வழுக்கிய இடத்தில் பெயிண்டுக்கு அடியில் பட்டி பூசியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

கேட்டில் எழுதியிருந்ததை நின்று முழுதாகப் படித்துவிட்டு உள்ளே வந்த ஒரே ஆள் கண்ணாடிக்காரர்தான். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். முன்நெற்றியில் வழுக்கை ஏறியிருந்தது. சட்டையை முழுக்கை விட்டுப் பித்தான் போட்டிருந்தார்.

"ரிவர்ஸ் கியர் ஒரு தடவையில விழாது. பின்னாடி இடது கதவு வேற வண்டியோடது, கலர் கொஞ்சம் மாறும், வெயில்ல பாத்தா தெரியும். அப்புறம்..." என்று தயங்கினார்.

"அப்புறம்?"

"மழை பெஞ்சா ஹாரன் தானா அடிக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"நனைஞ்சது காயற வரைக்கும். ஒரு தடவை சாவு வீட்டு வாசல்ல நிறுத்தியிருந்தேன்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

நான் சிரித்தேன். வெயில் காலம் அது. அவர் சொல்லாமல் விட்டிருந்தால் எந்த ஸ்குரூடிரைவரும் எந்தக் காந்தமும் அதைக் கண்டுபிடித்திருக்காது. இப்படியும் ஒரு மனுஷன் இருப்பாரா என்று இருந்தது.

வண்டி விற்காமல் யார்டிலேயே நின்றது. அந்த வருஷத்தின் முதல் மழையில் யார்டு முழுக்க அதிரும்படி ஊளையிட ஆரம்பித்தது. நான் அவருக்கு ஃபோன் போட்டேன். "உங்க வண்டி உங்களைக் கூப்பிடுது, கேக்குதா?" என்றேன். குடையோடு வந்தார். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டால் போதும், அது எனக்குத் தெரியாததா? தெரியாதது மாதிரி நின்றேன். நனைந்துகொண்டே வயரைக் கழற்றியவர், பிறகு என் வலப்பக்கம் வந்து நின்று பேசினார். நான் இன்னும் காதைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"தினமும் ஆளுங்க முகத்துக்கு நேரா உக்காந்து பாக்கற வேலை. நீங்க எல்லாத்துக்கும் தலையை இப்படித் திருப்பறீங்க" என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு அடிக்கடி கண் உறுத்த ஆரம்பித்தது. கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று அவர் ஒவ்வொரு முறையும் சோதித்துச் சொன்னார். கடைசியில் ஒரு நாள், ஏதோ ஒரு ஃபிரேமை நான் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கண்ணாடியில் தெரிந்த என்னைப் பார்த்துக் கேட்டார். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று. ஃபிரேமைக் கழற்றாமலே சரி என்றேன். மூக்கில் அது வழுக்கிக்கொண்டே இருந்தது.

அவருடைய மனைவி சில வருஷங்களுக்கு முன் நோயில் இறந்துவிட்டாள். அவரைப் பற்றிப் பேசினால் எல்லோரும் முதலில் சொல்வது 'பாவம்' என்ற சொல். எனக்கும் ஒரு கல்யாணம் ஆகி முடிந்திருந்தது. எனக்குக் கிடைத்த சொற்கள் வேறு. வாழாவெட்டி என்று என் சித்தி சொன்னாள். விட்டுட்டு வந்தவ என்று தெருவில் சொன்னார்கள். ஒரு மாமா, நான் அடுத்த அறையில் இருப்பது தெரிந்தே, "இனிமே யார் வந்தாலும் சரின்னு சொல்லிட வேண்டியதுதான், நாம விலை பேசற நிலைமையிலயா இருக்கோம்?" என்று அம்மாவிடம் சொன்னார். நாளெல்லாம் வண்டிகளுக்குச் சரியான சொல்லைத் தேடித் தேடி எழுதுகிறவள், எனக்கு மற்றவர்கள் எழுதிவைத்ததைத் துடைக்காமலே திரிந்தேன். அவரிடம்கூட, "ஒத்து வரலை, வந்துட்டேன்" என்று ஒரே வரியில்தான் சொன்னேன். காது காய்ச்சலில் போனது என்றேன். பல வருஷமாகச் சொன்னதில் நாக்குப் பழகியிருந்தது.

அவருக்கு எல்லாமே அவருடைய அக்காதான். ஆஸ்பத்திரி ஒன்றில் சலவைப் பிரிவைக் கட்டி மேய்க்கிறார். தாய் இல்லாத தம்பியை வளர்த்தவர். தம்பி மனைவி இறந்தபோது தன் வீட்டைக் காலி செய்துவிட்டு வந்து கூடவே இருந்துவிட்டார். "அக்கா சரின்னு சொல்லணும்" என்றார் கண்ணாடிக்காரர். அப்படிச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது, எனக்கும் தெரிந்தது. "சொல்லலைன்னா?" என்றேன். அவர் ஃபிரேம்களை எடுத்து மறுபடி அடுக்க ஆரம்பித்தார். அன்று இரவெல்லாம் எனக்குப் பயமாக இருந்தது. அந்த மனுஷனோடு வாழ வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவும் நானும் போனோம். கடைக்கு மேலேயே வீடு. படியேறும்போதே அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நீயா எதையும் எடுத்து விடாத. காரைப் பத்திப் பேசாத."

"சரிம்மா."

"அந்த ஸ்குரூடிரைவரைப் பத்தியும் பேசாத."

பிறகு என் இடப்பக்கம் வந்து எதையோ முணுமுணுத்தாள். என்னைத் திட்ட நினைத்தால் அம்மா இடப்பக்கம் வந்துவிடுவாள். உதடு மட்டும் அசைவது கடைக்கண்ணில் தெரியும். அவளுக்கும் எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமே என்று நான் கண்டுகொள்வதில்லை.

அக்கா கதவைத் திறந்தார். முழங்கை வரை சிவந்து தடித்த கைகள். "வாங்கம்மா. வாம்மா" என்று அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. கண்ணாடிக்காரர் அறையின் மூலையில், தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். டீ வந்தது. அக்கா வந்து எனக்கு இடப்பக்கம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மாற்றி உட்காரச் சொல்லியிருக்கலாம். முதல் நாளே இடம் மாற்றச் சொல்வதா என்று வாயைத் திறக்கவில்லை.

அவர் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. அம்மாவைப் பார்த்து நேராகவே சொன்னார்.

"நான் மனசுல வச்சுக்கிட்டுப் பேசத் தெரியாதவ. தப்பா எடுத்துக்காதீங்க. இவன் பொண்டாட்டி போனப்ப இவன் கடை ஷட்டரைத் தூக்கலை. சாப்பிட மாட்டான். பல்லு விளக்க மாட்டான். பச்சைப்புள்ளைக்கு மாதிரி நான் ஊட்டி விட்டேன். செத்துப் போனதுக்கே இப்படின்னா, விட்டுட்டுப் போனா என்ன ஆவான்? உங்க பொண்ணு ஒரு தடவை விட்டுட்டு வந்தவ. இன்னொரு தடவை போக எவ்வளவு நேரமாகும்? எனக்கு அதான் பயம்."

"அய்யோ, அப்படியெல்லாம் இல்லம்மா" என்றாள் அம்மா. "ரெண்டு பேருக்கும் ஒத்து வரலை. அவ்வளவுதானே."

"அவ்வளவுதானேன்னா? ஒத்து வரலைன்னா விட்டுட்டு வந்துடலாமா? இவன் கூட எனக்கும்தான் ஒத்து வராது. துண்டை ஈரத்தோட கட்டில்ல போடுவான். நான் விட்டுட்டா போயிட்டேன்?"

அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. என்னைக் காப்பாற்றத்தான் அம்மா பல வருஷமாக அந்த 'ஒத்து வரலை'யை எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அது எவ்வளவு மலிவான பெயிண்ட் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. அதைப் பூசியதால், ஒன்றுமில்லாததற்கு வீட்டை விட்டு வந்தவளாக நான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

அக்கா குனிந்து டீ டம்ளரை எடுத்தார். எடுத்துக்கொண்டே ஏதோ கேட்டிருக்கிறார். நான் எதிரே சுவரில் இருந்த, கண் சோதிக்கிற எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் பழசாகிப்போனதை மேலே கொண்டுவந்து மாட்டியிருந்தார்கள், கீழ் வரிசை எழுத்துகள் மங்கியிருந்தன.

"கேட்டதுக்குப் பதில்கூட சொல்ல மாட்டியா?" என்றார் அக்கா. இந்த முறை உரக்க.

நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். கண்ணாடிக்காரர் எழுந்துவிட்டார். "அக்கா, அவங்களுக்கு அந்தப் பக்கம்..." என்று ஆரம்பித்தார். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"அந்தக் காது அவளுக்குக் கொஞ்சம் மந்தம்மா. ஒரு காய்ச்சல் வந்துது, அதுல இருந்து. பெரிசா ஒண்ணும் இல்லை. வயசாக ஆக எல்லாருக்கும் தேயறதுதானே."

அம்மா வேறு எந்தச் சொல்லைச் சொல்லியிருந்தாலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, அவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு இறங்கி வந்திருப்பேன். ஆனால் அந்தச் சொல் என் காதில், நல்ல காதில், விழுந்துவிட்டது.

"தேய்மானம் இல்லம்மா" என்றேன்.

"என்னடி?"

"தேஞ்சு போகலை. இது சேதம்."

யாருக்கும் புரியவில்லை. புரியாதுதான், அது யார்டு பேச்சு. அம்மா என் தொடையைக் கிள்ளினாள். நான் அக்காவின் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தேன்.

"எங்க வேலையில ஒரு சட்டம் இருக்கு. வண்டியைக் கொண்டு வர்றவங்க குறையை முதல்லயே சொல்லிடணும். பொய்க் காரணம் சொன்னா வண்டியை எடுக்க மாட்டோம். நான் உங்க தம்பிகிட்டயும் காய்ச்சல்னுதான் சொன்னேன். காய்ச்சல் இல்லை. என் புருஷனா இருந்தவன் அடிச்சான். கையால, இங்க. அன்னிக்குப் போனது திரும்ப வரவே இல்லை."

டம்ளர் அக்காவின் கையிலேயே நின்றது. அம்மா குனிந்துகொண்டாள். கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். அப்படித் துடைத்தால் கீறல் விழும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சண்டை போடுகிறவர் அவர்.

"அவன் இப்ப எங்க இருக்கான்?" என்றார் அக்கா.

நசுங்கிய கதவைப் பார்த்ததும் யார்டில் சின்னப் பயல்கூடக் கேட்கிற கேள்வி, யார் இடிச்சது, எங்கே அந்த ஆள் என்பது. இத்தனை வருஷத்தில் எவ்வளவு கேட்குது, மிஷின் மாட்டலாமா, தூக்கத்தில் வலிக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். நீ என்ன சொன்னாய் அவன் அடிக்கிற அளவுக்கு என்றும் கேட்டிருக்கிறார்கள். அவன் எங்கே என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. அக்காவோ முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டார், அடுத்த தெருவில் இருந்தால் இறங்கிப் போய்விடுகிறவர் மாதிரி.

"தெரியலக்கா. வேற ஊர்ல எங்கேயோ இருக்கான்."

"எதுக்கு அடிச்சான்னு..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

"அதை மட்டும் கேக்காதீங்க. நான் ஏதாவது காரணம் சொன்னா, அடிக்கு ஒரு காரணம் இருந்த மாதிரி ஆயிடும்."

"கேக்கலை" என்றார். "அப்புறம்?"

"அம்மா வீட்டுக்கு வந்தேன்." அதற்கு மேல் ஒரு வரி தொண்டை வரை வந்தது. பக்கத்தில் அம்மா கை வளையலைத் திருகுவது தெரிந்தது. அந்த வரியை விழுங்கிவிட்டேன். "திரும்பப் போனேன். திரும்பவும் வந்தேன். அப்புறம் போகலை."

கீழே தெருவில் யாரோ ஷட்டரை இறக்கும் சத்தம் கேட்டது. இதோடு எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன். போனால் போகட்டும் என்று நினைக்க முடியவில்லை, அழுகை வந்தது. வந்த அழுகையை மறைக்கப் போய் என் வாய் வழக்கம்போலக் கோபமாகத் திறந்துகொண்டது.

"நீங்க கேட்டீங்களே, இன்னொரு தடவையும் விட்டுட்டுப் போயிட மாட்டியான்னு. அதுக்கு நேரா பதில் சொல்லிடறேன். அடிச்சா போவேன். ஈரத் துண்டுக்கெல்லாம் போக மாட்டேன். அடிச்சா அன்னிக்கே போவேன்."

அக்கா தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எங்கள் இரண்டு பேரில் யார் யார் என்று தெரியாதவர் மாதிரி நின்றிருந்தார்.

"இவனா? கொசு அடிக்கறதுக்கே என்னைத்தான் கூப்பிடுவான்" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் விரலை நீட்டினார். "ஆனா ஒண்ணு. அப்படி ஏதாவது நடந்தா நீ எதுக்குப் போகணும்? நீ இங்கயே இரு. இவனை நான் வெளிய அனுப்பறேன்."

கண்ணாடிக்காரர் "அக்கா" என்றார் பரிதாபமாக.

"நீ சும்மா இரு. டீ ஆறிப்போச்சு பாரு, வேற போடறேன்" என்று எழுந்து உள்ளே போனார். பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. சமையலறையில் இருந்தே, ஆஸ்பத்திரிச் சலவை மிஷின்களுக்கு மேலாகக் கத்திப் பழகிய குரலில் கேட்டார்.

"சர்க்கரை எவ்வளவுடி?"

வரும்போது 'வாம்மா'வாக இருந்தவள் அந்த 'டி'யில் அந்த வீட்டு ஆளாகிவிட்டேன். இரண்டு காதிலும் விழுந்த மாதிரி இருந்தது. கண்ணாடிக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அதில் புதிதாக ஒரு கீறல் விழுந்திருந்தது. நான் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார்.

திரும்பி வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. பஸ் நிறுத்தம் வரை நடக்க வேண்டும். தெருவில் அம்மா வழக்கம்போல என் இடப்பக்கம் நடந்தாள். அவள் உதடு அசைவது கடைக்கண்ணில் தெரிந்தது. காதும் காதும் வைத்தாற்போல மூடிவைத்திருந்ததை நாலு பேர் நடுவில் போட்டு உடைத்துவிட்டேனே, திட்டட்டும் என்று நடந்தேன். மருந்துக் கடையைத் தாண்டினோம். மூடியிருந்த வங்கியைத் தாண்டினோம். உதடு அசைந்துகொண்டே இருந்தது.

தெருமுனையில் அம்மா நின்றாள். எனக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தாள். அங்கே நடைபாதை கிடையாது, சாக்கடை ஓரம். ஒரு கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நீ காதைப் பொத்திக்கிட்டு வாசல்ல வந்து நின்ன" என்றாள். "நான்தான் திரும்ப அனுப்பினேன். 'ஒரு அடிதானே'ன்னு சொன்னேன்."

நான் அங்கே விழுங்கிய வரி அதுதான். அந்தச் சொல்லை அம்மா மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன். இடப்பக்கம் நடந்தபோதெல்லாம் என்னைத் திட்டித்தான் முணுமுணுத்தாளா, அல்லது இதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாளா என்று அப்போது முதல் முறையாகச் சந்தேகம் வந்தது.

அவள் முகத்தைப் பார்த்தேன். கன்னம் ஒட்டி, கண் குழிந்து, அது முழுக்க முழுக்கத் தேய்மானம்தான், வருஷங்கள் ஓடியதால் வந்தது. மனசு இளகிவிட்டது. 'பழைய கதைதானே, விடும்மா' என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் அவளுக்கு லேசாகியிருக்கும். எனக்கும்தான்.

"ஆமாம்மா" என்றேன். "சொன்னே."

அம்மா தலையை ஆட்டினாள். முழங்கையை விடவில்லை. சாக்கடை ஓரத்தில் கால் இடறாமல் பார்த்துப் பார்த்து வைத்து, பஸ் நிறுத்தம் வரை என் வலப்பக்கமே நடந்து வந்தாள்.